செய்நேர்த்தியும் ஜீவகாருண்யமும்

சூரபன்மன் மயிலுருவான மலையாகத் தவங்கிடந்து முருகப்பெருமானுக்கு வாகனமானான் என்று தலபுராணம் கூறும் மயிலத்திலே, இந்த வாரம் ஒரு தச்சுப் பட்டறையில் அரைநாள் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இடித்துவிட்ட தமது பழைய ஓட்டுவீட்டின் கதவுப் பலகையைப் பேரனோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து, கொல்லைப்புறத்தில் குருவிகளுக்குத் தீனி வைப்பதற்கு அதில் ஒரு தட்டு செய்து தரவேண்டுமென்று கேட்டார். அந்த வீட்டின் எறவாணத்தில் குருவிகள் தலைமுறை தலைமுறையாகக் கூடு கட்டியதையும், அறுவடை முடிந்தவுடன் நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி அவற்றுக்கென்றே தம் தாயார் தாழ்வாரத்தில் தொங்கவிட்டதையும், இன்றைய கான்கிரீட் வீட்டில் ஒரு குருவி ஒண்டுவதற்கும் இடுக்கில்லாமற் போனதையும் அவர் சொல்லிவர, ஆசாரியோ பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதற்காரியமாகப் பலகையிலிருந்த பச்சை வர்ணத்தை இழைப்புளியால் இழைக்கத் தொடங்கினார். மேலோட்டமாக இழைத்து நிறுத்திவிடவில்லை. சீவல் சுருள் சுருளாக விழுந்து, வர்ணத்தின் சாயல்கூட இல்லாமல் தேக்கின் ரேகை துலங்கும்வரை இழைத்தார். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். கொத்தித் தின்னும் பறவைக்கு அது விஷம். பிறகு ஒரு முழ நீளமும் ஒரு சாண் அகலமுமாகத் தட்டை அறுத்து, தானியம் சிதறாதபடி இரண்டு விரற்கடை உயரத்தில் நாற்புறமும் சட்டம் கட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, அடிப்பலகையில் வரிசையாகத் துளையிட ஆரம்பித்தார்.

ஆசிரியர் பொறுமையிழந்து, "என்ன ஆசாரியாரே, குருவித் தட்டுதானே, நாலு பலகையைச் சேர்த்து ஆணி அடித்தால் போதாதா?" என்றார்.

ஆசாரி நிமிராமலே, "தண்ணி நின்னா கம்பு பூஞ்சணம் பூத்துடும், வாத்தியாரய்யா. அதைத் தின்னா குருவிக்கு நோவு வரும். புண்ணியம்னு நாம வைக்கிறது அதுக்கு வெஷமாயிடக் கூடாது பாருங்க" என்றார்.

அதன்பின் ஆசிரியர் பேசவில்லை. மழைச்சாரல் உள்ளே விழாதபடி தட்டின் விளிம்பைவிட நான்கு விரல் வெளியே நீண்ட இருபுறச் சரிவுக் கூரை ஏறியது. தட்டைத் தாங்கும் காலை மதிலுக்கும் முருங்கைக்கும் ஒரு பூனைப் பாய்ச்சலுக்கு அப்பால் நடவேண்டும் என்றும், வாரந்தோறும் தட்டைக் கழுவி வெயிலில் காயவைக்கவேண்டும் என்றும் பேரனிடம் உத்தரவு பிறந்தது. இத்தனையும் ஒரு சாண் அகலத் தட்டுக்கு! பறவையின் ஸ்வபாவத்தை அறிந்து அதற்கேற்ப மரத்தை இழைத்த அந்த மனிதருடைய சிரத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தர்மத்துக்கும் செய்நேர்த்தி வேண்டும் என்கிற உண்மை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

இரக்கம் பலருக்கும் உண்டு. அதை ஒழுங்காகச் செலுத்தும் பிரயாசைதான் அரிதாக இருக்கிறது. மீந்துபோன உப்புக் காரத் தின்பண்டத்தையும் ஊசிப்போன சோற்றையும் மதிற்சுவரின்மேல் கொட்டிவிட்டு, பறவைகளுக்கு உணவிட்டதாகத் திருப்தியடைகிறோம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தட்டைத் தொங்கவிட்டு, முதல்வாரம் நிரப்பி, அடுத்தவாரம் மறந்துவிடுகிறோம். இதைச் சொல்வதற்கு நான் தயங்கவில்லை: கவனமில்லாத உபகாரம் பாதி அபகாரம்.

இரக்கத்தைக் கவனத்தோடு செலுத்தியவர்களும் உண்டு. ஜீவகாருண்யமே பெரிதென்று சொன்ன வள்ளலார், சொன்னதோடு அமையாமல் 1867ஆம் ஆண்டில் வடலூரில் தருமச்சாலையை நிறுவினார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்றால், அந்த இரக்கத்துக்குப் பின்னே விறகும் அரிசியும் வேளை தவறாத உழைப்பும் இருப்பதனால்தான். நம் காலத்திலும், சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் தம் மொட்டைமாடியைத் தேடிவந்த கிளிகளுக்கு மரப்பலகைகளைப் பரப்பி, அவற்றின்மேல் காலையும் மாலையும் அரிசி வைத்துவந்தார். நாளடைவில் அவை ஆயிரக்கணக்கில் திரண்டன. வேளை தவறாமல் வைத்த கையை நம்பித்தான் அவை வந்தன.

ஆகவே, வைப்பதானால் உப்பில்லாத கம்பும் தினையும் நொய்யும் வையுங்கள், பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் வையுங்கள். சிட்டுக்குருவி தானியம் தின்று வாழ்ந்தாலும், பிறந்து சில நாட்களேயான தன் குஞ்சுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தட்டு செய்யவும் நாள்தோறும் அதை நிரப்பவும் இயலாதவர்கள், கொல்லையில் நாலு செடிகொடிகளை வளரவிட்டு, அவற்றின்மேல் பூச்சிமருந்து தெளிக்காமல் இருந்தாலே போதும். அதுவும் குருவிக்கு இட்ட அன்னமே ஆகும்.