எழுத்தின் உருவமும் வாசகரின் கண்ணும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டில் வாழும் என் பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துள்ளார். அண்மையில் ஒரு விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தபோது வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறின. ஒப்புதல் பொத்தான் திரைக்கு வெளியே போயிற்று. "எனக்குத்தான் தெரியலை, தம்பி" என்றார். குறை தம்முடையதென்றே அவர் எண்ணியதுதான் என்னை வருத்திற்று.

எழுத்து வாசகரைத் தேடி வரவேண்டுமா, வாசகர் எழுத்துக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டுமா?

நம் முன்னோர் இதற்கொரு விடை கண்டிருந்தனர். குர்ஆன் ஓதப் பழகியும் தமிழ் நெடுங்கணக்கு அறியாதிருந்த பெண்டிர்க்காக, அவர்கள் பேசிய தமிழையே அறபு எழுத்தில் வடித்தனர். அறபியில் இல்லாத ங, ட, ப போன்ற ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது வடிவம் அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவ்வடிவில் நூல்கள் யாத்தார். பொருள் குன்றவில்லை, உருவம் மட்டுமே வளைந்தது. ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அண்டை வீட்டார்க்கு அந்நூல்கள் எட்டவில்லை. தமிழெழுத்து மட்டும் கற்ற பேரர்க்கும் இன்று அவை பூட்டிய பெட்டிகளே.

இன்றைய நுட்பம் அவ்விழப்பைக் கேட்பதில்லை. திரையின் அகலத்துக்கேற்ப ஒரே பக்கம் மாறியமையும் முறையை 2010இல் ஈதன் மார்க்காட் எடுத்துரைத்தார். எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் பொருளும் பயனும் கெடலாகாதென்று 2008ஆம் ஆண்டின் இணைய அணுகல் நெறிகள் வகுத்துள்ளன. ஆக, வழி இல்லாமல் அன்று; பெரியம்மாவை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே.

பிழை பக்கத்தினுடையதென்று அவரிடம் விளக்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்போ அவங்களுக்கு எழுதிப் போடு" என்றார்.