களையும் மலரும்

வசந்தத்தில் காட்டுப் பூக்களைத் தேடிச் செல்வது மேனாட்டார் மரபு. பதுளை மலைகளில் வசந்தம் என்றொரு பருவம் கிடையாது. மழை ஓய்ந்த வெயிலில் பூக்கும், அவ்வளவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கியதை உவகையோடு கற்பிக்கும் நாம், ஒருமுறை மாணவரை நமுனுகுல மலைச்சரிவுக்கு அழைத்துச் சென்று, காணும் பூக்களின் பெயர்களை எழுதப் பணித்தோம். தேயிலை நிரைகளினிடையே ஊதா நிறத்தில் மலர்ந்திருந்த ஒன்றுக்கு, லயத்துச் சிறுமி ஒருத்தி ‘களை’ என்றே எழுதினாள். பிழையென்று சிவப்புக் கோடிட்டோம்.

“அம்மா புல்லு வெட்டுக் கொந்தரப்புல இதைத்தான் பிடுங்குறாங்க, சேர்” என்றாள்.

இவளிடம் அழகுணர்ச்சி இல்லை என்று தீர்ப்புக் கூற நமக்கு என்ன தகுதி? கபிலர் காட்டும் பெண்களும் உழைக்கப் போனவர்களே. தினைப்புனங் காக்கச் சென்றவர்கள், அருவியில் ஆடி, மலர்களைக் கொய்து பாறையிலே குவித்தார்கள். வேலையினூடே பொழுது அவர்களுடையதாக இருந்தது. கொழுந்து பறிப்பவளுக்கோ பொழுது தராசினுடையது. பூவைப் பார்த்து நின்று நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட் கூலி. (இலக்கிய ஆசிரியர்கள் இந்தக் கணக்கை ஏனோ கற்பிப்பதில்லை.) அப்பொழுதை அவளுக்கு மீட்டுத் தராமல் அழகை மட்டும் போதிப்பது நேர்மையாகுமா?

கோட்டை அழித்து மதிப்பெண் இட்டோம். அப்பூவுக்கு அவள் வீட்டில் வேறு பெயர் உண்டா என்று கேட்க அன்று நமக்குத் தோன்றவில்லை.