ஓட்டை இல்லாத பீரங்கி

என் மேசையில் ஒரு பித்தளை பீரங்கி இருக்கிறது. ஒரு சாண் நீளம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை எடுத்து, வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். (அந்தப் பழக்கமே தப்பு, அதை அப்புறம் சொல்கிறேன்.) பார்த்துவிட்டு, "என்னடா, அடைச்சு வெச்சிருக்கே?" என்பார்கள். அடைக்கவில்லை. துளையே போடவில்லை.

2020 லாக்டவுனில் வையம்பட்டி வீட்டுக்குத் திரும்பி, மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்த மாதங்களில் இந்தப் பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவில் சின்னச் சின்ன பீரங்கிகளைத் தாங்களே செய்து, கரிமருந்து போட்டுச் சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வீடியோக்களை ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் பார்ப்பேன். வெடிச்சத்தத்தைவிட, அதற்கு முன்னால் அவர்கள் காட்டும் நிதானம்தான் என்னை இழுத்தது. புரொடக்‌ஷனில் கோடு ஏற்றுவதற்கு முன் நாங்கள் பார்க்கும் செக்லிஸ்ட்டெல்லாம் அதன் முன்னால் விளையாட்டு.

கரிமருந்து முழுசாகப் புகையாகிப் போவதில்லை. எரிந்தபின் பாதிக்குமேல் திடப்பொருளாகவே மிஞ்சும். குழாய்க்குள் அது கசடாக ஒட்டிக்கொள்ளும், அதில் எங்காவது ஒரு கங்கு உயிரோடு இருக்கலாம். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணி சுற்றிய கோலை விட்டுத் துடைக்க வேண்டும். பொறுத்திருக்க வேண்டும். வாய்க்கு நேரே ஒருபோதும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

எனக்குப் பிடித்த ஆள் வேறொருவர். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால வழக்கப்படி சுடும் குழுக்களில், பீரங்கியின் பின்பக்கம் திரி வைக்கிற சின்ன ஓட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். விரலில் ஒரு தோல் உறை. முன்னால் இன்னொருவர் கோலால் மருந்தை உள்ளே தள்ளுவார். ஓட்டை திறந்திருந்தால் தள்ளுகிற வேகத்தில் காற்று ஓடி, உள்ளே கிடக்கும் கங்கை ஊதிவிடும். போவது முன்னால் நிற்பவரின் கை. சூடு தாங்காமல் இவர் ஒரு நொடி விரலை எடுத்தால், அவருக்குக் கை இல்லை. இவருக்கு விரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

'என் ரிஸ்க், நான் பார்த்துக்கறேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். ஹெல்மெட் போடாமல் போகிறவன் முதல் ராத்திரி மூணு மணிக்கு டிப்ளாய் பண்ணுகிறவன் வரை எல்லாரும் சொல்வதுதான். பீரங்கி பக்கத்தில் அந்த வாக்கியம் செல்லாது. அங்கே ஒருவரின் ஜாக்கிரதை இன்னொருவரின் உடம்பில் இருக்கிறது.

நானும் செய்யலாமா என்று சட்டத்தைப் புரட்டினேன். அமெரிக்க மத்தியச் சட்டம், பழங்கால வகை ஆயுதங்களில் பொழுதுபோக்காகப் பயன்படுத்த, ஆலையில் செய்த கரிமருந்தை 50 பவுண்டு வரை விட்டுக்கொடுக்கிறது. நம்முடைய ஆயுதச் சட்டம் 1959, வெடியின் விசையால் எதையாவது எறியும் கருவிகளுக்குள் பீரங்கியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஒரு சாண் பீரங்கி என்று தனியாக ஒன்று கிடையாது. மருந்துக்கு வெடிபொருள் சட்டம் 1884 இருக்கிறது, உரிமம் இல்லாமல் தயாரிக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது. படிச்சவன், பொறுமையானவன், ஊருக்கு வெளியே கரட்டில் போய்ச் சுடப்போகிறவன். என்னிடம் என்ன ஆபத்து?

'சட்டப்படி', 'பாதுகாப்பாக' என்ற ரெண்டு வார்த்தையையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எப்போதும் சேர்த்தே சொல்கிறோம். 2016 ஏப்ரல் 10 அதிகாலை கேரளத்தில் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கை வெடித்து நூறு பேருக்குமேல் செத்தார்கள். அங்கே அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அதே வருஷம் டிசம்பர் 1, எங்கள் மாவட்டத்திலேயே துறையூர் பக்கம் முருங்கப்பட்டியில் வெடிமருந்து ஆலையில் விபத்து. கிட்டத்தட்ட இருபது பேர். அந்த ஆலைக்கு உரிமம் இருந்தது. பிழைப்புக்காக மருந்தோடு நின்றவர்கள் அவர்கள். நான் பொழுது போகவில்லை என்று அதன் பக்கத்தில் போய் நிற்க ஆசைப்பட்டேன். இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

என் பெரியப்பா ஒரு காலத்தில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அதிர்வேட்டு போட்டவர். கனத்த இரும்புக் குழாய்கள், அடியில் மருந்து, மேலே செங்கல் பொடி, பக்கத்தில் திரி. எறிய எதுவும் கிடையாது, சத்தம் மட்டும்தான். இடது கையில் அவருக்கு ரெண்டு விரல் இல்லை. போய்க் கேட்டேன்.

"உனக்கு எதுக்குடா இது?"

"சும்மா, ஆசைதான் பெரியப்பா."

"நான் போட்டதை ஊரு கேட்டுச்சு. நீ போடறதை யாரு கேட்டா?"

இதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் இல்லை. ஆபத்தை வேலி போட்டு அடைக்கலாம், சத்தத்தை முடியாது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. எங்களுக்குப் பக்கத்தில் கடவூர் மலைக்காடு 2022இல் தேவாங்கு சரணாலயம் ஆனது. பகலெல்லாம் சுருண்டு தூங்குகிற பிராணி. நான் கரடு என்று நினைத்தது யாரோ ஒருத்தரின் படுக்கையறை.

ஆனால் பெரியப்பா சொன்னதையும் முழுசாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஊர் கேட்டதால்தானே விரல் போச்சு? அன்று சாமி அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டது. குழாயைத் துடைத்து ஆறவிட நேரமில்லை. "சீக்கிரம் போடுங்க, இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கூட்டம் கத்தியது. எட்டு வயசில் நானும் அதில் நின்று கத்தினேன். தோல் உறை போட்ட அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். அமுக்கிப் பிடித்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். மருத்துவச் செலவுக்கு வசூல் செய்தோம், அடுத்த வருஷத்துக்கு வேறு ஆளைப் பேசிவிட்டோம். பொழுதுபோக்காகச் செய்கிறவனால் 'இன்னும் பத்து நிமிஷம் போகட்டும்' என்று சொல்ல முடியும். கூலிக்குச் செய்கிறவரை அப்படிச் சொல்ல நாம் விடுவதில்லை. அமெரிக்க வீடியோக்களில் நான் பார்த்து மயங்கிய நிதானம் பாதி ஒழுக்கம், மீதி வசதி.

இதெல்லாம் புரிந்தபிறகும் ஆசை போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடம் ரெடியாக இருந்தது. திருச்சியில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பீரங்கியா தம்பி?"

"ஷோ பீஸ்ண்ணே."

"ஷோ பீஸுக்கு எதுக்கு உள்ள ஓட்டை?"

பேசாமல் நின்றேன். அவர் பென்சிலை எடுத்து உள்துளைக் கோடுகள் ரெண்டையும் அடித்தார். பின்னால் இருந்த சின்ன ஓட்டையையும் அடித்தார். "இப்படின்னா வியாழக்கிழமை வாங்க" என்றார்.

பித்தளையும் கூலியுமாக 1,800 ரூபாய் ஆனது. ஊருக்குக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டினேன். இடது கையில் வாங்கி, கனம் பார்த்து, வாயைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். துளை இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார். என்ன விலை என்றார். சொன்னேன்.

"அடப்பாவி, இந்தக் காசுக்கு நல்ல இரும்புக் குழாயே வாங்கிருக்கலாமேடா."