ஏசுநாதர்: ஏட்டிலும் திரையிலும்

சென்ற விடுமுறையில் மாணாக்கர் சிலருடன் மாத்தளையினின்று ரிவர்ஸ்டன் மலைக்குச் சென்றேம். உச்சியில் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றுந் தோன்றாதாயிற்று. வண்டியிற் காத்திருந்தபொழுது ஒரு மாணாக்கன், மெல் கிப்சன் என்பார் 2004இல் எடுத்த ஏசுநாதர் பாடுகளின் படத்தைக் கைப்பேசியிற் கண்டதாகக் கூறி, "ஐயா, அந்த அடியெல்லாம் அவர்கள் வேதத்தில் அப்படியே இருக்கின்றதா?" என்று வினாவினான். இளமையிற் பாதிரிமார் பாடசாலையிற் பயின்றேமாதலின், விடை கூறுதல் எமக்குக் கடனாயிற்று.

அவ்வடியை மத்தேயு, மாற்கு, யோவான் மூவரும் ஓரிரு சொல்லாற் கூறி அப்பாற் செல்கின்றனர். திரையிலோ அது பல நிமிடம் நீண்டு குருதியாய்ப் பெருகுகின்றது. அவர் நெடியரோ குறியரோ, கரியரோ செய்யரோ என்பதை நான்கு சுவிசேஷங்களுள் ஒன்றேனுஞ் சொல்லிற்றில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணொருத்தியைக் கொணர்ந்தோர் முன்னிலையில் அவர் குனிந்து நிலத்தில் எழுதினார் என்னும் நூல், எழுதியது யாதென்று கூறாது விடுகின்றது. நூல் வாளாவிருக்கும் இடத்திற் படம் வாளாவிருத்தல் அரிது. ஒரு முகத்தையுங் குரலையும் இரவல் வாங்கியே தீரும். 1959இல் வந்த பென்ஹர் படம் அவர் முகத்தைக் காட்டாதொழிந்தது. அவ்வடக்கத்தை யாம் மெச்சுகின்றேம்.

உருவத்தை வழிபடும் நாம் இதனைக் குறைகூறலாமோ எனின், கூறுதும். மஞ்சளிற் பிடித்த பிள்ளையாரை எழுந்தருள்வித்துப் பூசித்தபின் நீரில் விடுகின்றோம். நடிகன் முகமோ விட்டாலும் போவதில்லை.

இது பிறர் வீட்டுக் காரியமும் அன்று. பம்பாயில் ஏசுநாதர் சரித்திரப் படத்தைக் கண்ட பால்கே, நம் தெய்வங்களை அவ்வாறு காண்பது என்றோ என ஏங்கியே 1913இல் அரிச்சந்திரன் கதையைப் படமாக்கினார். 1965இல் திருவிளையாடல் வந்தது. இன்று நம் பிள்ளைகள் பலர்க்குச் சிவபெருமான் எனின் சிவாஜி கணேசன் முகமே முன்வந்து நிற்கின்றது. அதனைக் கொண்டு பிறர் நம் சமயத்தை அளந்தால் நாம் பொறுப்போமா? நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தின் தமிழைத் திருத்தினார். அது 1850இல் அச்சேறிற்று. மறுத்தவர் சொல்சொல்லாய்ப் படித்தே மறுத்தார். ஆசிரியராகிய நம்முள் எத்தனைபேர் மாற்குவின் சிறு நூலையேனும் படித்திருக்கின்றோம்?

பனி விலகிற்று, பிள்ளைகள் இறங்கி ஓடினர். வினாவியவன் மாத்திரம் நின்று, "அப்படியானால் நக்கீரர் கதை நூலில் எப்படி ஐயா?" என்றான். பரஞ்சோதி முனிவர் நூலை அவனுக்கு இரவல் கொடுத்துள்ளேம். இன்னுந் திரும்பி வரவில்லை.