கூடிச் செய்தால் தெரியும்

மீனவ ஊரான இறக்கக்கண்டியின் கரையில் கரைவலையைத் தனியொருவர் இழுப்பதில்லை. ரோபோவும் அப்படித்தான்: ஒருவர் சட்டகம் பூட்ட, ஒருவர் நிரல் எழுத, இன்னொருவர் கழன்ற வயரைத் தேடிப் பிடிக்க, அது நகர்கிறது.

1992இல் அமெரிக்காவில், ஒரு பாடசாலையின் உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு டீன் கேமன் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ ரோபோப் போட்டியில் இன்று ஆயிரக்கணக்கான மாணவர் அணிகள் கலந்துகொள்கின்றன.

‘எனக்கு எதில் ஆர்வம்?’ என்று யோசித்துக்கொண்டே இருந்தால் விடை வராது. இப்படியான அணியில் கையில் ஒரு வேலை வந்து சேரும்போதுதான் வரும். பரீட்சைப் புள்ளிகள் காட்டாத திறமையை அணி காட்டும். பரீட்சையில் பிழை விட்டால் புள்ளி குறையும்; ரோபோவில் பிழை விட்டால் அடுத்துச் செய்ய வேண்டியது தெரியும். தோற்ற அணியும் ஒன்றைக் கற்றுக்கொண்டே வீடு திரும்பும்.

படகு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் ஊரில் வளரும் பிள்ளைக்குக் கருவிகள் அந்நியமல்ல. அந்தக் கைகளை ஒன்று சேர்ப்பதுதான் பெரியவர்களின் பொறுப்பு. பாடசாலைக்கு ஒரு மேசை, ஒரு மோட்டர், ஓர் அணி கொடுங்கள். தமக்கு எது பிடிக்கும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.