அடிக்கடி என்றால் எத்தனை முறை?

சர்க்கரை நோயா என்று பார்க்க ரத்தம் எடுப்பார்கள். காசநோய்க்குச் சளி. பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கப் படிவம் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருக்கிறானா, பென்சிலைத் தொலைக்கிறானா, வரிசையில் நிற்க முடியாமல் தவிக்கிறானா என்று கேள்விகள். எதிரே கட்டங்கள்: இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில் இதற்கு 18 அறிகுறிகள் உண்டு. கவனக்குறைவுக்கு 9, துறுதுறுப்புக்கு 9. ஏதேனும் ஒன்றில் 6 தேறினால் சிறுவர்கள் வரையறைக்குள் வருவார்கள். 17 வயதைத் தொட்டவர்களுக்கு 5 போதும். பதினெட்டிலும் 'அடிக்கடி' என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. அது எத்தனை முறை என்பதை மட்டும் கையேடு சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளோடு மல்லாடும் ஆசிரியைக்கு அந்தச் சொல் சீக்கிரமே வந்துவிடும். ஒரே பேரனை மடியில் வைத்திருக்கும் தாத்தாவுக்கு வருவதே இல்லை.

2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் செப்டம்பர் 1-க்குள் 5 வயது நிரம்பினால்தான் பள்ளியில் இடம். ஆகவே ஆகஸ்டில் பிறந்தவன் வகுப்பிலேயே இளையவன்; செப்டம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். இந்த மாநிலங்களில் ஏ.டி.எச்.டி. என்று முத்திரை பெற்றவர்கள், ஆகஸ்ட் பிள்ளைகளில் 10,000-க்கு 85 பேர். செப்டம்பர் பிள்ளைகளில் 64 பேர். அந்தத் தேதிக் கெடு இல்லாத மாநிலங்களில் இந்த வேறுபாடு இல்லை. நம் ஊர்த் தலைமை ஆசிரியர்கள் ஒருகாலத்தில் பள்ளிக்குத் தோதாகப் பிறந்த தேதியையே மாற்றி எழுதினார்கள். அதில் பிள்ளை மாத்திரை விழுங்க வேண்டியிருக்கவில்லை.

கருவியையும் முயன்று பார்த்தார்கள். மூளை அலைகளை அளக்கும் ஒரு சாதனத்துக்கு, மருத்துவரின் மதிப்பீட்டுக்குத் துணையாக, 2013-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. நோயில்லாதவர்களையும் நோயாளி என்று காட்டிவிடும் என்று 2016-இல் அந்நாட்டு நரம்பியல் அகாதமி எச்சரித்தது. மருந்து கேட்கிறதே, அதுவே சாட்சி என்பாரும் உண்டு. எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்தபோது அவர்களும் அடங்கினார்கள், கவனமும் கூடியது. அது 1978-லேயே தெரிந்துபோன சேதி.

இதனால் நோயே பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இது பெருமளவு பரம்பரையாக வருவது என்று இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவதிப்படும் பிள்ளையின் அவதி உண்மையானது. படிவத்தில் தவறுவது இரு பக்கமும்தான். கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை அது கண்டுகொள்வதில்லை. அவளால் யாருக்கும் தொந்தரவில்லையே.

படிவம் நிரப்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அடிக்கடி' கட்டத்தில் டிக் போடும் முன் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியை ஒருமுறை பாருங்கள். பிறகு கடைசி பெஞ்சையும்.