'தான்' என்ற ஒரு சொல்

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். வாயிருந்தும் வார்த்தை வராதவன் கதி என்ன? பழமொழி அதைச் சொல்லவில்லை.

பாரிஸை அடுத்த பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ன் என்றொருவர் இருந்தார். 30 வயதில் அவருக்குப் பேச்சுப் போயிற்று. எதைக் கேட்டாலும், "தான், தான்" என்ற ஒலிதான் வரும். அதுவே அவர் பெயருமாயிற்று. பின்னர் வலக்கையும் விழுந்துவிட்டது. 1861 ஏப்ரலில், கால் நோய்க்காக அவரைப் பால் புரோக்கா என்ற டாக்டரிடம் கொண்டு வந்தார்கள்.

"இங்கே வந்து எத்தனை வருஷமாயிற்று?" என்று டாக்டர் கேட்டார். நோயாளி இடக்கையை நான்கு தரம் விரித்தார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். 21 வருஷம். கணக்குச் சரி! மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் தரம் கேட்டபோது, தம்மைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் பொங்கியது. கோபத்தில் மட்டுமே வருகிற ஒரு வசவும் வாயில் வந்தது.

சில நாட்களில் அவர் இறந்தார். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்ட புரோக்கா, பேச்சை உருவாக்கும் இடம் அதுவே என்றார். மருத்துவ உலகம் அந்த மூளையைப் போற்றுகிறது. எனக்கோ அந்தக் கோபம் பெரிதாகப் படுகிறது. அறிவு அழியாதவனுக்கல்லவா அவமானம் உறைக்கும்?

கேட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. சோதிக்காமல் நோயை அறிய முடியாது. பேச்சு வெள்ளமாய் வந்தும் பொருளில்லாமல், பிறர் சொல்வதும் பிடிபடாமல் தவிப்பவர்களும் உண்டு. அந்த வகையை 1874-ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய டாக்டர் விளக்கினார். எந்த வகை என்று ஆராய்ந்து, அதற்கேற்ற பயிற்சி தர இன்று பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். பேச வராத சிலருக்குப் பாட்டில் சொற்கள் வருவதுண்டு. அந்த வழியைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டில் மைசூரில் இதற்கென்றே ஓர் அகில இந்திய நிறுவனம் இயங்குகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவரை 'விதி' என்று மூலையில் கிடத்திவிடுவது தவறு.

ஆனால் வீட்டிலே நாம் செய்வதென்ன? செவிடரிடம் பேசுவதுபோல் கத்துகிறோம். அவர் ஒரு சொல்லைத் தேடி முடிப்பதற்குள் நாமே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். "பாவம், ஒன்றும் தெரியாது" என்று அவர் எதிரிலேயே பேசுகிறோம். பயிற்சி தருவது நிபுணர் வேலை. விரல் விரியும் வரை காத்திருப்பது நம் வேலை அல்லவா?

அந்தப் பிரெஞ்சுக்காரருக்குத் தமிழ் தெரியாது. 'தான்' என்பது வெறும் ஒலிதான். ஆயினும் சொல்லெல்லாம் போன பின்பும், 'தான்' என்பது அவரிடம் போகாமல் இருந்தது.